பதில் வராததற்குச் சம்மதம் என்று பெயர் இல்லை

அண்ணே,

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்வது பெற்றவள் செய்கிற வேலை. நம் அம்மா இல்லை. மினிபஸ் கண்டக்டரான நம் அப்பாவுக்கு "உள்ள தள்ளி நில்லுங்க" என்பதற்கு மேல் பேச்சு வராது. அம்மா இந்த வீட்டில் செய்துகொண்டிருந்த வேலைகளில் சோறு வடிப்பதும் துணி துவைப்பதும் உனக்குக் காய்ச்சல் வந்தால் விழித்துக்கொண்டிருப்பதும் நாலு வருஷத்துக்கு முன்னாலேயே என் கைக்கு வந்துவிட்டன. புத்தி சொல்வது மட்டும் வரவில்லை. உன்னைவிட ஆறு வயது சின்னவள், பத்தாவது முடிக்காதவள், உனக்குச் சொல்லலாமா என்று நீ கேட்கலாம். மற்ற வேலைகளைக் கொடுத்தபோது என் வயதை யாரும் கேட்கவில்லை. ஆகவே இதையும் நானே செய்துவிடுகிறேன்.

நேரில் எனக்குப் பேச வராது. நாலு பேர் இருந்தால் ஒன்றுமே வராது. நீ ஒருவன் மட்டும் இருந்தாலும் பாதிதான் வரும். எழுதி உன் கையில் கொடுத்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "அப்பறமா படிக்கிறேன் பாப்பா" என்பாய். அந்தச் சட்டையைத் துவைக்கப்போகிறவளும் நான்தான். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை வைக்கிறேன். உன் பெயர் இல்லை, என் பெயர் இல்லை, உன் கம்பெனியின் பெயரும் இல்லை. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்து நீயும் மதினியும் சென்னைக்குப் போகும்போது நான் உங்களோடு வரமாட்டேன். வருவதாக நான் எப்போதும் சொன்னதில்லை. சொன்னதாக நீங்கள் எல்லாரும் வைத்துக்கொண்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். குன்றாண்டார்கோவிலிலிருந்து அத்தை வந்திருந்தார். தாம்பூலப் பை எத்தனை, பந்தியில் யார் நிற்பது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது அத்தைதான் ஆரம்பித்தார். "ரெண்டு பேரும் காலையில எட்டு மணிக்கெல்லாம் ஆபீசுக்கு ஓடிருவீங்க. சோத்துக்கு என்னடா பண்ணுவீங்க?"

"அதான் பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போறோம்ல" என்றாய். ஏற்கெனவே முடிவான ஒன்றைச் சொல்கிற குரல் அது. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது தெரியாது.

"அப்ப ஒங்கப்பனுக்கு?"

"நான் ஓட்டல்ல பாத்துக்குறேன். பஸ்ஸு நிக்கிற எடமெல்லாம் ஓட்டலுதான்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னாத்தா, போறியா? அண்ணனுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று கேட்டார்.

நான் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது மூலைக்கு மஞ்சள் வைக்காமல் விட்டிருந்தேன். அதற்கு வைத்தேன். அதற்குள் அத்தை முடித்துவிட்டார். "அவகிட்ட என்னண்ணே கேட்டுக்கிட்டு. வாயத் தொறக்காம இருக்கா பாருங்க, சம்மதந்தான். பொம்பளப் புள்ள வேற எப்படிச் சொல்லும்? மைக்கு வச்சா சொல்லும்?" எல்லாரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். சாயங்காலம் மூன்று டிக்கெட் போட்டுவிட்டதாக வந்து சொன்னாய். எனக்கு ஜன்னல் ஓரம் என்றாய். அந்த ஜன்னலுக்காக நான் சந்தோஷப்படுவேன் என்று நீ நினைத்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்படி ஒரு தடவை ஏற்கெனவே நடந்திருக்கிறது. அம்மா போய் முப்பது நாள் கூட முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு வராததால் தலைமையாசிரியை நம் வீட்டுக்கே வந்தார். நீ அப்போது இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம், காலேஜுக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். டீச்சர் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நின்னுக்கிறது ஒனக்கு இஷ்டமாம்மா?" எனக்கு இஷ்டமில்லை. அதைச் சொன்னால் அப்பாவுக்கு யார் சமைப்பது என்ற கேள்வி வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீ பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாய், "அவளுக்கே படிப்புல இஷ்டம் இல்ல டீச்சர். கணக்குல கொஞ்சம் வீக்கு." அதற்கு முந்தின பரீட்சையில் கணக்கில் நான் தொண்ணூற்றொன்று. டீச்சருக்கு அது தெரியும். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் மறுத்துப் பேசுவேன் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன். அப்பாவின் பஸ் ஹாரன் கேட்டது. டீச்சர் அதில் ஏறிப் போய்விட்டார். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் வீட்டில் யாரும் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதனால் யாரிடம் போய்க் கோபப்படுவது என்றும் தெரிவதில்லை.

பிறகு, நீ வேலைக்குச் சேர்ந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உன் ஆபீசில் சொன்ன அந்த எட்டு மாதம் வந்தது. நான் மனசார சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. இன்று கசக்கிறது என்பதற்காக அதை மறைக்கமாட்டேன். உள்ளறை ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் நிற்கும் என்று அங்கே நாற்காலி போட்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். ஒருநாள் நீ லேப்டாப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். என்ன என்று கேட்டேன்.

"ஒரு ஏஜென்ட் இருக்கு பாப்பா. ஏஐ. இன்னத மாத்துன்னு சொன்னா அதுவே புரோகிராமுக்குள்ள போயி எடத்தத் தேடி மாத்தும். தேடுறதுக்கு நாலு டூல் குடுத்திருக்கோம். எந்த நேரத்துல எத எடுக்கணும்னு தெரியாம தப்புத்தப்பா எடுக்குது."

"நீ சொல்லிக் குடுக்கலையா?"

"ஒவ்வொண்ணுக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதியிருக்கேன்ல. டூலுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. மேல எழுதியிருக்கத வச்சுத்தான் முடிவெடுக்கும். இது ஒரு ஃபங்ஷன் எங்க எழுதியிருக்குன்னு சொல்லும். இது அந்த ஃபங்ஷன யார் யார் கூப்புடுறாங்கன்னு சொல்லும்."

"ஃபங்ஷனுக்குத்தானே ஆளக் கூப்புடுவாங்க? உங்க ஊர்ல ஃபங்ஷனையே கூப்புடுவாங்களா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். எவ்வளவு நாளுக்கு அப்புறம் அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். ஃபங்ஷன் என்றால் ஒரு வேலையைச் செய்வதற்கென்று பெயர் வைத்து எழுதின துண்டு. மற்ற துண்டுகள் தேவைப்படும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். நீ எழுதியிருந்த நாலு குறிப்பையும் தமிழில் சொல்லச் சொன்னேன். முதல் கருவி "பெயரைத் தேடும்". இரண்டாவது "பெயர் வரும் இடங்களைத் தேடும்". மூன்றாவது, எழுத்துத் தேடல், "கோப்புகளில் தேடும்". நாலாவது "கோப்பைப் பற்றிய விவரம் தரும்". இதைக் கேட்டால் மனுஷனுக்கே குழப்பம் வருமே அண்ணே, அது என்ன பாவம் செய்தது என்றேன்.

அப்போதுதான் அப்பாவின் பஸ்ஸைச் சொன்னேன். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பா பஸ் போகிற ஊர்களை மட்டும் கூவுவதில்லை. "புதுக்கோட்டை போறவங்க ஏறாதீங்க, இது அங்கிட்டுப் போகாது, பின்னாடி வர்ற பெரிய பஸ்ல ஏறுங்க" என்பார். எங்கே போகாது என்பதையும், போகாவிட்டால் எதில் ஏறுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். போர்டில் அது இருக்காது. அதைக் கூவாத நாளில்தான் பாதி வழியில் சண்டை வரும். உன் குறிப்புகள் போர்டு மாதிரி இருக்கின்றன, அப்பா கூவுகிற மாதிரி இல்லை என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "சரி, நீயே சொல்லு, எழுதிக்கிறேன்" என்றாய்.

நான் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷில் தட்டினாய். முதல் கருவிக்கு இப்படிச் சொன்னேன்: "ஒரு பெயர் எந்த இடத்தில் உருவாக்கப்பட்டது என்று தெரிய வேண்டும்போது இதைக் கூப்பிடு. முழுப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். பாதிதான் தெரியும் என்றால் இதைத் தொடாதே, எழுத்துத் தேடலுக்குப் போ. பதிலாகக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். உள்ளே எழுதியிருப்பது வராது, அதை நீ திறந்து படிக்க வேண்டும்." எழுத்துத் தேடலுக்கு என்ன எச்சரிக்கை எழுதுவது என்று நீ கேட்டாய். "பேரு எங்க எழுதியிருந்தாலும் அது காட்டும்லண்ணே. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல பேர் இருந்தா ஆளு அங்க குடியிருக்காருன்னு அர்த்தமா?" என்றேன். அதிலிருந்து, பெயர் வெறும் குறிப்பாக எழுதப்பட்ட இடங்களையும் இது காட்டும், எல்லாமே உண்மையில் பயன்படுத்தும் இடங்கள் என்று எண்ணிவிடாதே என்ற வரி வந்தது. மறுநாள் ஏஜென்ட் சரியான கருவியைச் சரியான நேரத்தில் எடுத்தது. நீ என்னை இழுத்துவந்து திரையில் காட்டினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நான் சொன்ன பேச்சை ஒன்று கேட்டது என்பது புரிந்தது. இந்த வீட்டில் அதுவரை எதுவும் கேட்டதில்லை.

அதன் பிறகு வாரம் இரண்டு மூன்று குறிப்புகள் எழுத வந்தன. கொஞ்ச நாளில் எளிய இங்கிலீஷில் நானே எழுதப் பழகினேன். ஆபீசில் உன்னைப் பாராட்டினார்கள். இதை எப்படி எழுதுவது என்று மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அன்று கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உன் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் "மினிபஸ்" என்ற சொல் விளங்கியது. "மை ஃபாதர்" என்பதும் விளங்கியது. "சிஸ்டர்" என்ற சொல் வருமா என்று கடைசித் துணி மடிக்கும் வரை காத்திருந்தேன். வரவில்லை. அந்த வருஷம் உனக்கு மேல் பதவி கிடைத்தது. எனக்கு ஒரு சுடிதார் எடுத்து வந்தாய். பச்சை நிறம். நன்றாகத்தான் இருந்தது.

இனி என் தப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் அதையும் மறைத்தால் இது கடிதம் ஆகாது. ஒரு ஃபங்ஷனை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பட்டியல் தருகிற கருவிக்கு நான் எழுதிய கடைசி வரி இது: "யாரும் கூப்பிடவில்லை என்றால் வெறும் பட்டியல் வரும்." எழுதும்போதே ஒரு சந்தேகம் தட்டியது. யாரும் கூப்பிடாவிட்டால் பட்டியல் வெறுமையாக வரும், சரி. பட்டியல் வெறுமையாக வந்தால் யாருமே கூப்பிடவில்லை என்று ஆகிவிடுமா? இந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் யாராவது கூப்பிட்டால்? உன்னிடம் கேட்க வாயெடுத்தேன். நீ போனில் மதினியோடு பேசிக்கொண்டிருந்தாய், கையால் "அப்புறம்" என்று காட்டினாய். நான் விட்டுவிட்டேன். அப்புறமும் கேட்கவில்லை. உனக்குத் தெரியாதா, நான் என்ன பெரிதாகக் கேட்டுவிடப்போகிறேன் என்று எனக்கு நானே வாயை மூடிக்கொண்டேன்.

நடந்தது உனக்குத் தெரியும். மருந்துக்கடைகளில் சரக்கு தீரப்போகிறது என்று முன்கூட்டியே செய்தி அனுப்புகிற ஒரு ஃபங்ஷன் உங்கள் புரோகிராமில் இருந்தது. அதைக் கூப்பிடுகிற இடத்தில் பெயரை முழுசாக எழுதாமல் இரண்டு துண்டாக வைத்து, புரோகிராம் ஓடும்போது ஒட்டிக் கூப்பிட்டிருந்தார்கள். கருவிக்கு அது தெரியவில்லை. வெறும் பட்டியல் கொடுத்தது. ஏஜென்ட் என் வரியைப் படித்தது, யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது, வேண்டாத துண்டு என்று நீக்கிவிட்டது. யாரும் சரிபார்க்காமல் அந்த மாற்றம் கடைகளுக்காக ஓடுகிற புரோகிராமுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு முழுநாள் எந்தக் கடைக்கும் செய்தி போகவில்லை. உன் மேலதிகாரி போனில் கத்தினார். அடுப்படியில் இருந்த எனக்கு அவர் குரலே கேட்டது. நீ சொன்னதும் கேட்டது. "அது நான் எழுதுனது இல்ல சார். புதுசா வந்த ஒரு டிரெய்னி எழுதுனது. நான் பேசிக்கிறேன் சார்."

எட்டு மாதத்தில் நான் எழுதியதை நீ எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அடுப்படிக்கு வந்தாய். கோபப்படவில்லை. "ஏன் பாப்பா இப்படி எழுதுன?" என்று மெதுவாகத்தான் கேட்டாய். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு தாளில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். "வெறும் பட்டியல் வந்தால், நான் பார்த்த இடங்களில் எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் பொருள். யாரும் கூப்பிடவில்லை என்று பொருள் இல்லை. இதை மட்டும் வைத்து எதையும் நீக்காதே. நீக்குவதற்கு முன்னால் பெயரின் ஒவ்வொரு துண்டையும் எழுத்துத் தேடலில் போட்டுப் பார். அப்போதும் தெளிவாகவில்லை என்றால் மனிதரிடம் கேள்." நீ படித்துவிட்டு, நீளமாக இருக்கிறது, பரவாயில்லை என்றாய். அந்த வரிகளை இங்கிலீஷில் தட்டியது உன் விரல்கள்தான். ஒரு இயந்திரத்துக்கு அதைச் சொல்ல உனக்கு அரைமணி நேரம் ஆனது. உனக்கு நீயே சொல்லிக்கொள்ள இன்னும் நேரம் வரவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதைச் சொன்னால் நீ என்னைப் பற்றி வைத்திருக்கிற எண்ணம் மாறும், மாறட்டும். அந்த "டிரெய்னி"க்குப் பிறகு ஒரு புதுக் கருவி வந்தது. புரோகிராம் முழுவதையும் மேலோட்டமாகப் பார்த்துச் சுருக்கம் சொல்லும், மெதுவாக ஓடும், எப்போதாவதுதான் தேவைப்படும். சீக்கிரம் ஒரு வரி எழுதிக்கொடு என்றாய். நான் வேண்டுமென்றே எழுதினேன்: "எதைப் பற்றி என்ன தெரிய வேண்டுமானாலும் இதைக் கூப்பிடலாம்." நீ படிக்காமலே போட்டுவிட்டாய். அன்றிலிருந்து ஏஜென்ட் மற்ற எந்தக் கருவியையும் தொடவில்லை. ஒரு வரி எண் வேண்டுமென்றாலும் அதையே கூப்பிட்டது. இரண்டு நாள் நீ காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டாய், நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன். முதல் நாள் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் அந்தக் கருவியைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. மதினி வீட்டார் முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்தபோது இந்தப் பெண் யார் என்று கேட்டார்கள் இல்லையா? "தங்கச்சி. வீட்லதான் இருக்கா. எல்லாம் பாத்துக்குவா" என்று நீ சொன்னாய். நான் எழுதிய வரியைப் படித்தால் அதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் அந்த வரியை நானே திருத்தினேன்.

புதன்கிழமை மதினி என்னைப் போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். உனக்கு இது தெரியாது. "நீ எங்களோட வர்றதுக்கு ரொம்ப ஆசப்பட்டியாம்ல? அவரு சொன்னாரு. நெஜமாவாம்மா?" என்று கேட்டார்கள். நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். இன்னும் கொஞ்சம் போனால் அவர்களும் "சரி சரி, வெக்கப்படுற போல" என்று முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் முடிக்கவில்லை. "பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்" என்றார்கள். இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் "இல்ல மதினி. நான் கேக்கல. எனக்கு வர இஷ்டம் இல்ல" என்றேன். "அப்ப ஏன் அவரு அப்படிச் சொன்னாரு?" என்றார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. அவர்கள் அதன் பிறகு ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டார்கள். அதைக் கோபம் என்றும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, சமாதானம் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. தெரியவில்லை என்றே வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்பார்கள். தயாராக இரு.

அம்மா இருந்திருந்தால் உனக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். விட்டுக்கொடுத்துப் போ, பெண்டாட்டியைப் பட்டினி போடாதே என்று எதையாவது சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். மதினியிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வரும் வரை லைனில் இரு. சமைக்கட்டுமா என்று அவர்கள் கேட்டு நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பதில் இல்லாத பதில்தான், அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொள். அவர்கள் பேசாமல் இருக்கிற நாளில் "ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்று ஆபீசுக்குக் கிளம்பிவிடாதே. உன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி யாராவது உன்னிடம் கேட்டால், அவர்களையே பதில் சொல்ல விடு. அவர்கள் செய்ததை நீ செய்ததாகச் சொல்லாதே. தவறு நடந்தால் மட்டும் அவர்கள் பெயரைச் சொல்லாதே. நான் உன் தங்கை, நாலு வருஷம் தாங்கிக்கொண்டேன். அவர்கள் தாங்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தாங்காமல் போனால் அவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன்.

நான் இங்கே இருப்பது ஏதோ பெரிய விடுதலை என்று யாரும் நினைக்கவேண்டாம். இங்கேயும் சோறு என் கையில்தான். ஆனால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுவதற்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன். தனியாக பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மாற்றுச் சான்றிதழும் வாங்கினேன். அன்று வந்த டீச்சர் இப்போது அங்கே இல்லை. இருக்கிறவருக்கு என்னைத் தெரியவில்லை. பதிவேட்டைப் புரட்டி, "ஏம்மா நின்ன?" என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனாலும் நானே சொன்னேன். சென்னைக்கு வந்தால் நீயும் நானும் சேர்ந்தே வேலை பார்க்கலாம் என்று நீ ஆசை காட்டினாய். அந்த வேலை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து உன் பெயரில் அதைச் செய்ய மாட்டேன் என்கிறேன். உன் ஆபீசில் அந்தக் குறிப்புகளை யார் எழுதியது என்று ஒரு நாள் நீயாகவே சொன்னால் நல்லது. சொல்லாவிட்டாலும் அவை அங்கே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கல்யாணத்தன்று நாத்தனார் முடிச்சை நான் ஒழுங்காகவே போடுவேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ கவலைப்படவேண்டாம். இன்று மத்தியானம் டிரிப்புக்கு நடுவில் சாப்பிட வந்தபோது நானே சொன்னேன். "அப்பா, நான் மெட்ராஸுக்குப் போகல."

தோளிலிருந்த டிக்கெட் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் யாருடையது என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு "ஒங்கண்ணன் டிக்கெட்டு போட்டுட்டானே" என்றார். ரத்து செய்யலாம் என்றேன். "அத்தக்காரி என்ன சொல்லுவா" என்றார். என்னிடம் கேட்கட்டும் என்றேன். அப்புறம் வேறு கேள்வி இல்லாததால், "சரி, இன்னக்கி என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

"சோறு மட்டும் வடிச்சிருக்கேன்ப்பா. ரசத்துக்குப் புளி கரைச்சு வச்சிருக்கு. நீங்க கூட்டி இறக்கிக்குங்க. நான் இந்தக் கணக்க முடிக்கணும்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுப்படிக்குள் போனார். தீப்பெட்டி உரசுகிற சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது. பாத்திரம் மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு டப்பா மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தனக்குக் கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீட்டின் அடுப்படியில் நின்றுகொண்டு, முதல் தடவையாக அப்பா கேட்டார். "ஆத்தா, உப்பு எங்க இருக்கு?"

நான் எழுந்து போய் எடுத்துத் தரவில்லை. எந்தத் தட்டு, இடமிருந்து எத்தனையாவது டப்பா என்று சொன்னேன்.